தென்கொரியா, கானா: வெளிநாட்டு உதவி யாருக்கு அதிகம் வந்தது? எதை வைத்து ஒப்பிடுவது?

வரைபடப்பித்தன்:

வணக்கம் நண்பர்களே. நாலு நாளாக ஒரு வரைபடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். உலக வங்கியின் தரவுத்தளத்தில் தென்கொரியா, கானா இரண்டு நாடுகளுக்கும் ஆண்டுதோறும் வந்த நிகர வளர்ச்சி உதவியை (எல்லோரும் ஓடிஏ என்கிறார்களே, அதுதான்) இறக்கி, 1960 முதல் ஒரே தாளில் இரண்டு கோடுகளாகப் போட்டேன்.

கொரியாவின் கோடு 1970களின் நடுப்பகுதி வரை ஆண்டுக்கு 20, 30 கோடி டாலர் என்று ஓடுகிறது. அப்புறம் சரிந்து, 1990களில் சில ஆண்டுகள் பூஜ்யத்துக்குக் கீழேயே போய்விடுகிறது. கானாவின் கோடு 1983 வரை தரையை ஒட்டி ஊர்கிறது. அதன்பிறகு ஏறு ஏறென்று ஏறி 2011, 2012 வாக்கில் ஏறத்தாழ 180 கோடி டாலரைத் தொடுகிறது.

1960-இல் இரண்டு நாடுகளிலும் தலைக்கு வருமானம் 200 டாலருக்குக் கீழேதான். கானா ஒரு சிட்டிகை மேலே என்றுகூடச் சொல்லலாம். இன்றைக்கு நிலைமை என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

அப்படியானால், கொஞ்சமாக உதவி வாங்கியவன் பிழைத்தான், நிறைய வாங்கியவன் தேங்கினான் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஒரு கட்டுரை எழுதலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன் இங்கே அடி வாங்கிக்கொள்வது நல்லது என்று தோன்றியது.

---

கணக்குப்பிள்ளை:

அடி உண்டு. உங்கள் கோடுகளில் தப்பில்லை, தாள் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் தப்பு.

1960 என்ற ஆண்டை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, தரவுத்தளம் தேர்ந்தெடுத்தது. பணக்கார நாடுகள் சேர்ந்து உதவிக் கணக்கை ஒரே முறையில் பதிய ஆரம்பித்தது அப்போதுதான். அந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் வளர்ச்சி உதவிக் குழு அமைந்தது 1961-இல். ஓடிஏ என்ற வரையறையே 1969-இல் வந்தது; 1972-இல் அதை இறுக்கினார்கள். பழைய ஆண்டுகளுக்குப் பின்னோக்கிக் கணக்குப் போட்டு நிரப்பியபோது 1960-ஐத் தாண்டி அவர்கள் போகவில்லை.

கொரியாவுக்கு உதவி கொட்டிய காலமோ அதற்கு முன்னால். 1945-இல் ஜப்பான் வெளியேறியதில் தொடங்கி 1961 வரை அமெரிக்காவும் ஐநா அமைப்புகளும் கொடுத்தது ஏறத்தாழ 310 கோடி டாலர். கிட்டத்தட்ட முழுக்க மானியம், திருப்பித் தர வேண்டாத பணம். உச்சம் 1957. அந்த ஒரே ஆண்டில் 38 கோடி டாலருக்கு மேல். போர் முடிந்த 1953 முதல் 1960களின் தொடக்கம் வரை கொரியாவின் மொத்த இறக்குமதியில் சுமார் 70 சதவீதத்துக்குப் பணம் கொடுத்தது வெளிநாட்டு உதவிதான். கோதுமை, பருத்தி, உரம், எண்ணெய், இயந்திரம் எல்லாம் இதில் அடக்கம்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1957-இல் தென்கொரிய மக்கள்தொகை சுமார் 2.25 கோடி. 38 கோடியை வகுத்தால் தலைக்கு 17 டாலர். கானாவின் உச்சமான 2011-இல் மக்கள்தொகை சுமார் 2.5 கோடி. 180 கோடியை வகுத்தால் 72 டாலர். கானாதான் நாலு மடங்கு அதிகம் என்று தோன்றும். ஆனால் 1957-இன் டாலரும் 2011-இன் டாலரும் ஒன்றல்ல. அமெரிக்க விலைவாசி அந்த இடைவெளியில் 8 மடங்கு ஏறியிருக்கிறது. 17-ஐ எட்டால் பெருக்குங்கள், 136. அதாவது, உச்ச ஆண்டை உச்ச ஆண்டோடு வைத்தால் ஒரு கொரியருக்குப் போன உதவி ஒரு கானாக்காரருக்குப் போனதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

நிலையான விலையில் கணக்குப் போட்ட வரிசையும் அதே தரவுத்தளத்தில் இருக்கிறது. அதை இறக்குங்கள். நடப்பு டாலரில் அறுபது ஆண்டு வரைபடம் போட்டால் அது உதவியின் வரைபடமாக இருக்காது, பாதிக்கு மேல் பணவீக்கத்தின் வரைபடம்தான்.

---

சும்மாவந்தவன்:

இடைவேளைக்கு அப்புறம் தியேட்டருக்குள் நுழைந்து, "ஹீரோ ஒரு அடிகூட வாங்கவில்லையே" என்று எழுந்து போன ஆள் மாதிரி ஆகிவிட்டதே வரைபடம் சார்.

---

வரைபடப்பித்தன்:

சிரித்துவிட்டேன். சரி, ஒப்புக்கொள்கிறேன். கணக்குப்பிள்ளை சார், 1960-க்கு முந்திய எண்களை அதே கோட்டில் ஒட்ட முடியுமா, அல்லது அது வேறு வகைக் கணக்கா?

---

கணக்குப்பிள்ளை:

ஒட்டாதீர்கள். கோட்டின் இடதுபக்கம் புள்ளிக்கோடாகப் போட்டு, "பழைய மானியக் கணக்கு, வரையறை வேறு" என்று எழுதிவிடுங்கள். இரண்டையும் ஒரே நிறத்தில் இணைத்தால் யாராவது ஒருநாள் கேட்பார்கள், பதில் இருக்காது.

---

பழையவாத்தியார்:

கொரியா பக்கத்தைச் சரிசெய்துவிட்டீர்கள். கானா பக்கமும் இடைவேளைக்குப் பிறகுதான் பார்க்கிறோம்.

1957 மார்ச் 6, கானா விடுதலை பெற்ற நாள். அன்றைக்கு அது உதவிக்குக் கையேந்தும் நாடாக இல்லை. உலகத்திலேயே அதிகம் கொக்கோ விளைவித்த நாடு. கொக்கோ விற்ற பணத்தில் சேர்ந்த ஏறத்தாழ 20 கோடி பவுண்டு லண்டனில் கையிருப்பாக இருந்தது. அதே ஆண்டு கொரியா போர் முடிந்து நாலே வருடமான, பாதி இடிந்த நாடு. ஆக ஒருவர் கையிருப்போடு தொடங்குகிறார், இன்னொருவர் மானியத்தோடு தொடங்குகிறார். "ஒரே இடத்தில் இருந்து ஓடினார்கள்" என்று தலைக்கு வருமானத்தை மட்டும் வைத்துச் சொல்வது எனக்கு எப்போதுமே உறுத்தும். 1960 வாக்கில் கொரியாவில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் தொடக்கப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கானாவில் அந்த நிலை இல்லை. நிலச்சீர்திருத்தம் கொரியாவில் போருக்குச் சற்று முன்பே தொடங்கிவிட்டது. இதெல்லாம் வருமானப் பத்தியில் தெரியாது.

கானாவின் கையிருப்பு எப்படிக் கரைந்தது என்பது தனிக் கதை. விடுதலைக்குப் பின் ஆண்ட முதல் தலைவர் அங்க்ருமா வேகமாகத் தொழில்மயமாக்க நினைத்தார். அதற்கான பணத்தில் பெரும்பகுதி உதவியாக வரவில்லை, இயந்திரம் விற்ற நிறுவனங்களே கொடுத்த கடனாக வந்தது. குறுகிய தவணை, கூடுதல் விலை. 1950களின் நடுவில் உச்சத்தில் இருந்த கொக்கோ விலை 1965-இல் பாதாளத்தில் விழுந்தபோது கழுத்து நெரிந்தது.

இந்தக் கடனெல்லாம் உங்கள் வரைபடத்தில் இருக்காது, ஏனென்றால் கடன்களில் சலுகைக் கடன் மட்டும்தான் ஓடிஏ-யில் சேரும். ஆனால் 1966-க்குப் பின் வந்த ஒவ்வொரு அரசும் இந்தக் கடனை வைத்துத்தான் மேலைநாடுகளோடு பேரம் பேசியது. 1972-இல் ஆட்சியைப் பிடித்த அச்சியாம்பாங் "யெந்துவா" என்றார். அகான் மொழியில் "கட்டமாட்டோம்" என்று பொருள். கடன் கொடுத்தவன் அப்புறம் உதவிப் பணத்தோடு வருவானா? 1970களில் கானாவின் கோடு தரையில் கிடந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கானாவின் அகோசோம்போ நீர்மின் அணை மட்டும் விதிவிலக்கு. 1961-இல் தொடங்கி 1965-இல் முடித்தார்கள். உலக வங்கி 4.7 கோடி டாலர் கடன், அமெரிக்கக் கடன், பிரிட்டிஷ் கடன், மீதிப் பாதியைக் கானா தன் கையிலிருந்து போட்டது. 80,000 பேர் வேறிடம் பெயர்ந்தார்கள். 1966 ஜனவரியில் அங்க்ருமா அதைத் திறந்துவைத்தார், பிப்ரவரி 24-ஆம் தேதி ஆட்சி கவிழ்ந்தது. அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கை தேமா துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு அமெரிக்க அலுமினிய உருக்காலை மலிவு விலைக்கு வாங்கியது. கானாவில் பாக்சைட் கனிமம் உண்டு. ஆனாலும் அந்த ஆலை, பாக்சைட்டில் இருந்து எடுக்கும் அலுமினாவை வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரவழைத்தது. விலையை உயர்த்தி மறு ஒப்பந்தம் போட 1985 வரை ஆயிற்று. இதை வெற்றி என்று போடுவதா தோல்வி என்று போடுவதா? அணை இன்றைக்கும் ஓடுகிறது, வீட்டுக்கு வெளிச்சம் கொடுக்கிறது. வகுப்பில் இதைக் கேட்டால் இரண்டு பக்கமும் கை தூக்குவார்கள்.

---

ஹான்நதிக்காரன்:

கொரியா பக்கம் ஒரு வார்த்தை. 1950களின் உதவியைப் பொற்காலம் மாதிரிப் பேச வேண்டாம். அப்போது வாஷிங்டனில் இருந்தவர்களே கொரியாவை அடியில்லாப் பானை என்று அலுத்துக்கொண்ட காலம் அது.

வந்தவை பெரும்பாலும் பொருள்கள்: கோதுமை, சர்க்கரைக்கு மூலப்பொருள், பருத்தி. அரசு அவற்றை உள்ளூரில் விற்கும். விற்ற காசு "எதிரீட்டு நிதி" என்று தனிக் கணக்கில் சேரும், அமெரிக்கர் சம்மதத்தோடு அதிலிருந்து பட்ஜெட்டுக்கு எடுப்பார்கள். யாருக்கு எந்தப் பொருள் ஒதுக்கீடு என்பதை முடிவு செய்தது அப்போதைய அதிபர் சிங்மன் ரீயின் அரசு. மாவு, சர்க்கரை, பருத்தி மூன்றையும் சேர்த்து கொரியாவில் "மூன்று வெள்ளைத் தொழில்கள்" என்பார்கள். இன்றைக்கு உலகம் அறிந்த சில குழுமங்கள் அந்த மாவு மூட்டையில் இருந்து எழுந்தவைதான். சாம்சங் குழுமம் 1953-இல் தொடங்கியது ஒரு சர்க்கரை ஆலையை.

இதில் ஒரு தந்திரமும் உண்டு. ரீ தன் நாணயத்தின் மதிப்பை வேண்டுமென்றே உயரத்தில் பிடித்துவைத்தார். ஐநா படைகள் செலவுக்கு உள்ளூர்ப் பணம் வாங்கிக்கொண்டு அதற்கு டாலரில் கணக்குத் தீர்க்கும். மதிப்பு உயர்ந்திருந்தால் அதிக டாலர் கிடைக்கும். உதவிப் பொருளையும் மலிவாக இறக்கி ஆதரவாளர்களுக்குக் கொடுக்கலாம். ஏற்றுமதி செய்யத்தான் ஒருவனுக்கும் கட்டுப்படியாகாது. ரீ 1960 ஏப்ரலில் மாணவர் எழுச்சியில் போனார். 1964-இல் ஒரு டாலருக்கு 130 வோன் என்றிருந்ததை 255 ஆக்கினார்கள். ஏற்றுமதி அதற்குப் பிறகுதான் சூடு பிடித்தது.

அமெரிக்க மானியம் 1957-க்குப் பின் வடிய ஆரம்பித்தது. வடிந்ததுதான் கொரியாவைத் தள்ளிவிட்டது என்பது என் கருத்து. உதவி வந்ததும் அல்ல, வராததும் அல்ல, "இன்னும் கொஞ்ச நாள்தான்" என்று முன்கூட்டியே தெரிந்ததுதான் காரியம் செய்தது.

---

நேர்கோடு:

ஹான்நதிக்காரரே, வடிந்தது என்கிறீர்கள். வேறு குழாயில் வந்ததே, அதை விட்டுவிட்டீர்கள்.

1965-இல் ஜப்பானோடு உறவை ஒழுங்குபடுத்திய ஒப்பந்தம்: 30 கோடி டாலர் மானியம், 20 கோடி டாலர் சலுகைக் கடன், அதற்கு மேல் தனியார் வணிகக் கடன். வியட்நாம் போருக்கு 1964 முதல் 1973 வரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கொரியப் படைவீரர்கள் போனார்கள். அதற்கு ஈடாகக் கொரிய நிறுவனங்களுக்கு ஒப்பந்தம், சம்பளம் டாலரில், புதுக் கடன் உத்தரவாதம். ராணுவ உதவி தனி. அது ஓடிஏ கணக்கிலேயே வராது. கொரியாவுக்கு வந்த அமெரிக்க ராணுவ உதவி, பொருளாதார உதவிக்குக் குறைந்ததல்ல. ராணுவச் செலவை வேறொருவன் பார்த்துக்கொண்டால் உன் பட்ஜெட்டில் பள்ளிக்கூடத்துக்கு இடம் கிடைக்கும். கானாவுக்கு அப்படி யார் செய்தார்கள்? கொரியாவை இரண்டாகப் பிளந்த 38-ஆவது அகலாங்கு கானா வழியாகப் போகவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

---

ஹான்நதிக்காரன்:

ஜப்பான் பணத்தை உதவி என்று சொன்னால் சியோலில் யாரும் உங்களோடு டீ குடிக்கமாட்டார்கள். அங்கே அதற்குப் பெயர் "உரிமைக்கோரல் நிதி". 35 ஆண்டு ஆண்டதற்குத் தரவேண்டிய பாக்கி என்பதுதான் அவர்கள் பார்வை. ஜப்பான் அதைப் "பொருளாதார ஒத்துழைப்பு" என்றது. அதே டாலர்தான், இரண்டு தலைநகரங்களில் இரண்டு பெயர். தரவுத்தளத்தில் ஜப்பான் சொன்னபடி ஏறியிருக்கிறது, ஏனென்றால் அங்கே எழுதுகிறவன் கொடுக்கிறவன்தான்.

அந்தப் பணம் போன வழியைப் பாருங்கள். கொரியாவுக்கு ஒருங்கிணைந்த எஃகு ஆலை வேண்டும் என்று மேலைநாட்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு போட்டன. உலக வங்கி இது கட்டுபடியாகாது என்றது, 1969-இல் கூட்டமைப்பு கலைந்தது. உடனே ஜப்பான் நிதியில் ஒரு பங்கை அதற்குத் திருப்பிவிட்டார்கள். 1970 ஏப்ரலில் போஹாங் கடற்கரையில் கடைக்கால், 1973 ஜூலையில் முதல் கட்டம் ஓட ஆரம்பித்தது. போஸ்கோ எஃகு நிறுவனத்தின் முதல் ஆலை அப்படிப் பிறந்தது. கொடுப்பவன் வேண்டாம் என்று சொன்ன திட்டத்தை வாங்குபவன் பிடிவாதமாகக் கட்டினான்.

---

நேர்கோடு:

அங்க்ருமாவும் பிடிவாதமாகத்தான் கட்டினார். ஒருவர் ஜெயித்தால் தொலைநோக்கு, தோற்றால் ஆடம்பரமா?

---

பழையவாத்தியார்:

நியாயமான கேள்வி. என்னிடம் முழுப் பதில் இல்லை. ஒன்று மட்டும்: போஹாங் எஃகை வாங்க உள்ளூரிலேயே கப்பல் கட்டுமிடமும் கார் தொழிற்சாலையும் சில ஆண்டுகளுக்குள் வந்தன. தேமா அலுமினியக் கட்டிகள் நேராகக் கப்பலேறின.

---

கடல்கடந்தகணக்கர்:

இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன், இப்போதுதான் எழுத வேளை கிடைத்தது. வடக்கு கானாவில் தாமலே ஊரில் ஒரு வேளாண் திட்டத்தில் மூன்று வருடம் கணக்குப் பார்த்தவன் நான். திட்டத்தின் பெயரும் கொடுத்தவர் பெயரும் வேண்டாம்.

வரைபடப்பித்தன் தம்பி, உங்கள் 180 கோடி டாலருக்குள் என் சம்பளமும் இருக்கிறது. நகைச்சுவைக்குச் சொல்லவில்லை. தொழில்நுட்ப உதவி என்ற தலைப்பில் வெளிநாட்டு ஆலோசகர்களின் ஊதியம், விமான டிக்கெட், வாடகை எல்லாம் கானா பெற்ற உதவியாகவே பதிவாகும். என் ஊதியம் கானா நாட்டுக்குள் நுழையவே இல்லை. வேறொரு நாட்டு வங்கிக் கணக்கில் விழுந்து, வீட்டுக் கடன் தவணைக்குப் போனது. ஆனாலும் அது கானாவுக்கு வந்த உதவிதான். புத்தகப்படி.

எங்கள் திட்டத்துக்கு மூன்று பேர் பணம் கொடுத்தார்கள். ஒருவருக்குக் காலாண்டு என்றால் ஜனவரி முதல் மார்ச், இன்னொருவரின் நிதியாண்டு அக்டோபரில் தொடங்கும், மூன்றாமவருக்கு அரையாண்டு அறிக்கை போதும், ஆனால் ஒவ்வொரு ரசீதின் நகலும் வேண்டும். ஒரே டீசல் பில்லை மூன்று படிவத்தில், மூன்று நாணயத்தில், மூன்று மாற்று வீதத்தில் எழுதியிருக்கிறேன். அலுவலகத்தில் நாங்கள் ஏழு பேர். அதில் நாலு பேருக்கு வேலை அறிக்கை எழுதுவதுதான். மழைக்காலம் தொடங்கி விதைப்பு முடிந்த பிறகு விதைப் பணம் வந்து சேர்ந்த வருடமும் உண்டு. அதையும் "வழங்கப்பட்டது" என்றுதான் பதிந்தோம்.

இன்னொன்று. தாமலே பக்கம் பள்ளிக்கூடச் சுவரிலும் பொதுக் கழிப்பறைச் சுவரிலும் "ஹிப்பிக்" என்று பெயிண்டில் எழுதியிருக்கும். முதலில் எனக்கு விளங்கவில்லை, ஏதோ கம்பெனி என்று நினைத்தேன். கடன் சுமை மிகுந்த ஏழை நாடுகளுக்கான தள்ளுபடித் திட்டத்தின் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் வரும் பெயர் அது. வட்டி கட்டாமல் மிச்சமான காசில் கட்டிய கட்டடம் என்பதற்கு அடையாளம்.

---

வரைபடப்பித்தன்:

அண்ணா, மிக்க நன்றி. அந்தத் தள்ளுபடி 2004-இல்தானே? என் வரைபடத்திலும் அந்த ஆண்டு கானாவின் கோடு ஒரு குதி குதிக்கிறது. அப்படியானால் அது புதுப் பணம் இல்லையா?

---

கணக்குப்பிள்ளை:

பெரும்பகுதி இல்லை. 2001-இல் அதிபர் குஃபுவோரின் அரசு அந்தத் திட்டத்தில் சேரச் சம்மதித்தது. "கடன்கார நாடு என்று ஒப்புக்கொள்வதா" என்று உள்ளூரில் பெரிய சண்டை. 2004 ஜூலையில் நிறைவுக் கட்டத்தை எட்டியபோது மொத்தம் சுமார் 350 கோடி டாலர் நிவாரணம் உறுதியானது, ஆனால் அது ஆண்டுக் கணக்கில் பரவியது. நாடுகள் தனித்தனியாகத் தள்ளுபடி செய்த கடன், செய்த ஆண்டில் உதவியாகப் பதிவாகும். எப்படியும் திரும்பி வராது என்றிருந்த கடனை அடித்துவிட்டாலும் கோடு ஏறும். கானாவின் தலைநகர் அக்ராவுக்கு அன்றைக்கு ஒரு டாலர் வந்திருக்காது.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். 1990களில் கொரியாவின் கோடு பூஜ்யத்துக்குக் கீழே போனது என்றீர்களே, அது உதவி மறுப்பு அல்ல. நிகரம் என்றால் வந்த மானியம், புதுக் கடன் இரண்டின் கூட்டுத்தொகையில் திருப்பிக் கட்டிய அசலைக் கழித்தது. பழைய சலுகைக் கடனைக் கொரியா அப்போது அடைத்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது ஒரு பொறி: 1997 நெருக்கடியில் கொரியாவுக்குச் சர்வதேச நாணய நிதியம் 2,100 கோடி டாலர் ஒப்புக்கொண்டது, உலக வங்கி 1,000 கோடி. தலைப்புச் செய்தி வந்த பணம். ஆனால் சந்தை வட்டியை ஒட்டிய கடன் என்பதால் ஓடிஏ-யில் வராது. 2023 மே மாதம் கானாவுக்கு அதே நிதியம் ஒப்புக்கொண்ட 300 கோடி டாலர் சலுகை வட்டித் திட்டம், ஆனால் நிதியத்தின் கடன் எல்லாம் ஒரே பெட்டியில் விழுவதில்லை. அதனால் "மீட்புக் கடன்" என்று ஒரு தனி வரிசை போட்டுவிடுங்கள், உதவியோடு கலக்காதீர்கள்.

---

சும்மாவந்தவன்:

ஆக மொத்தம், பணம் வராமலே உதவி ஏறும், பணம் வந்தும் உதவி ஏறாது, கணக்கர் அண்ணனின் வீட்டுக் கடன் கானாவின் வளர்ச்சி. எனக்குத் தலை சுற்றுகிறது, ஒரு டீ சொல்லுங்கப்பா.

---

வரைபடப்பித்தன்:

டீ என் செலவு. இன்னொரு கேள்வி. தொகையாகப் போடாமல் தேசிய வருமானத்தில் எத்தனை சதவீதம் என்று போட்டால் இந்தச் சிக்கல் தீருமா?

---

கணக்குப்பிள்ளை:

கொஞ்சம் தீரும், புதிதாக இரண்டு வரும். கானாவை வைத்தே சொல்கிறேன்.

ஒன்று. 2010 நவம்பரில் கானாவின் புள்ளியியல் துறை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் அடிப்படை ஆண்டை மாற்றியது. அதுவரை கணக்கில் சரியாக வராத தொலைத்தொடர்பு, வங்கி, சில்லறை வணிகம் எல்லாம் உள்ளே வந்தன. பொருளாதாரம் ஒரே நாளில் சுமார் 60 சதவீதம் பெரிதானது. நேற்றுக் கடைசித் தட்டு நாடு, இன்று கீழ்நடுத்தர வருமான நாடு. உதவியின் பங்கும் அதே வேகத்தில் சுருங்கியது. அக்ரா சந்தையில் அன்று காலை தக்காளி விற்ற அம்மாவுக்கு ஒன்றும் மாறவில்லை. ஆனால் நடுத்தர வருமான நாடு என்ற பட்டம் வந்தால் சலுகைக் கடனுக்கான கதவு மெல்ல மூட ஆரம்பிக்கும். கானா வணிகக் கடன் பத்திரங்கள் பக்கம் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 டிசம்பரில் அந்தக் கடனைத்தான் கட்ட முடியாமல் நிறுத்திவைத்தது.

இரண்டு. 1983-க்கு முன் ஒரு டாலருக்கு 2.75 சேடி (கானாவின் நாணயம்) என்று அரசு ஆண்டுக்கணக்கில் பிடித்துவைத்திருந்தது. கறுப்புச் சந்தையில் விலை பல மடங்கு. 2.75-ஐ வைத்து நாட்டின் வருமானத்தை டாலராக மாற்றினால் நாடு செல்வத்தில் மிதப்பதாகத் தெரியும், உதவியின் பங்கு ஒன்றுமில்லாததாகத் தெரியும். 1983 அக்டோபரில் 30 சேடி ஆக்கியதும் பங்கு திடீரென்று வீங்கும். அந்த ஆண்டு உதவியும் உண்மையிலேயே ஏறத் தொடங்கியது என்பதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஹான்நதிக்காரர் சொன்ன ரீயின் தந்திரமும் இதே வகைதான், கொரியாவின் 1950களின் சதவீதத்தையும் நம்பிவிடாதீர்கள்.

தலைக்கு இவ்வளவு, நிலையான விலையில். அதுதான் கொஞ்சம் யோக்கியமான அளவு. கூடவே இறக்குமதியில் உதவியின் பங்கு கிடைத்தால் போடுங்கள்.

---

பழையவாத்தியார்:

1983 வந்ததால் சொல்கிறேன். அந்த ஒரு வருடத்தில் கானாவுக்கு எல்லாம் சேர்ந்து வந்தது: கடும் வறட்சி, கொக்கோத் தோட்டங்களைத் தின்ற காட்டுத்தீ, நைஜீரியா வெளியேற்றிய பத்து லட்சம் பேர் ஊர் திரும்பியது. இடதுசாரிப் பேச்சோடு ஆட்சிக்கு வந்த ராலிங்ஸ் அந்த ஏப்ரலில் நாணய நிதியத்தின் திட்டத்தை ஏற்றார். உலக வங்கிக் குழுமத்தின் சலுகைக் கடன் அமைப்பான ஐடிஏ-வின் கடனும் திறந்தது: பல பத்தாண்டுத் தவணை, முக்கால் சதவீதச் சேவைக் கட்டணம். 1950களில் கொரியாவுக்கு இப்படி ஒரு சன்னலே கிடையாது, அந்த அமைப்பு பிறந்ததே 1960-இல். கொரியா 1973-இல் அதிலிருந்து தேறி வெளியேறியும்விட்டது. கானாவின் கணக்கு பெருக ஆரம்பித்தது பத்து வருடம் கழித்து. உங்கள் இரண்டு கோடுகளும் ஒரே காலத்தில் உயரத்தில் இருந்ததே இல்லை, ஒன்று மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் மற்றது ஏறியது.

---

நேர்கோடு:

இதைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்து சொல்ல வருகிறேன். உதவி அதிகமானதால் கானா தேங்கவில்லை. தேங்கி, விழுந்து, எழ முடியாதபோதுதான் உதவி அதிகமானது. காய்ச்சல் வந்தவன் வீட்டில் மாத்திரை அதிகம் இருக்கும். மாத்திரையால் காய்ச்சல் வந்தது என்று எழுதாதீர்கள்.

---

ஹான்நதிக்காரன்:

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாத்திரையைப் பத்து வருடம் விழுங்கினால் பக்கவிளைவும் வரும், கணக்கர் அண்ணன் சொன்ன மூன்று படிவம் அதில் சேர்த்தி.

---

கடல்கடந்தகணக்கர்:

சேர்த்திதான். இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போகிறேன். அறிவிப்பும் பட்டுவாடாவும் வேறு. அமெரிக்காவின் மில்லினியம் நிதி 2006-இல் கானாவுக்கு 54.7 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது, அதில் அக்ராவின் என்1 நெடுஞ்சாலை உருப்படியாக வந்தது. 2014-இல் மின்துறைக்கு இரண்டாவது ஒப்பந்தம் போட்டார்கள். 2019-இல் மின் விநியோகத்தைத் தனியாரிடம் விட்டது ரத்தானதும் 19 கோடி டாலர் நின்றுபோனது. செய்தித்தாளை வைத்து வரைபடம் போடுகிறவருக்கு அந்த 19 கோடியும் வந்ததாகவே இருக்கும்.

---

வரைபடப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. கட்டுரையின் தலைப்பையே மாற்றிவிட்டேன். புதுத் தாள் இப்படி இருக்கும்: 1945-இல் தொடக்கம், 1960 வரை கொரியாவுக்குப் புள்ளிக்கோடு, எல்லாம் நிலையான விலையில், தலைக்கு, கானாவின் கடன் தள்ளுபடி தனி நிறத்தில், மீட்புக் கடன்கள் கீழே சின்னப் பட்டையாக. ஜப்பான் நிதிக்கு இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன், ஹான்நதிக்காரருக்கு டீ கிடைக்கட்டும்.

ஒரே ஒரு சந்தேகம். கொரியாவின் கோட்டை எந்த ஆண்டில் நிறுத்துவது? 1996-இல் ஓஇசிடியில் சேர்ந்தார்கள், 2000-இல் பெறுவோர் பட்டியலில் இருந்து பெயர் போனது, 2010-இல் கொடுப்போர் குழுவில் உட்கார்ந்தார்கள்.

---

கணக்குப்பிள்ளை:

2000-த்தில் நிறுத்துங்கள், பட்டியல்தான் கணக்கு. அதோடு விடாமல் 1987-இல் இருந்து மூன்றாவது ஒரு கோடு போடுங்கள்: கொரியா கொடுத்தது. சலுகைக் கடன் நிதியை அந்த ஆண்டுதான் தொடங்கினார்கள், 1991-இல் கொய்க்கா என்ற உதவி நிறுவனம் வந்தது. வாங்கிக்கொண்டே கொடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கிறது, அது அழகாகத் தெரியும். 2021 முதல் 2025 வரைக்கான கொரியாவின் முன்னுரிமை நாடுகளின் பட்டியலில் கானாவும் இருந்தது, ஆகவே கானாவின் கோட்டுக்குள் கொரியப் பணம் எவ்வளவு என்று பிரித்தும் காட்டலாம். கொடுப்பவர் வாரியான அட்டவணை அதே தரவுத்தளத்தில் இருக்கிறது. இறக்கும்போது "வழங்கியது" என்ற பத்தியை எடுங்கள், "உறுதியளித்தது" என்பதை அல்ல.